விசாரிக்காமல் எழுதப்படும் கடிதம்

மற்றவர்களின் தொழிற் பிணக்குகளைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதாத நாள் இல்லை. தோட்டத் தொழிலாளரின் சம்பளப் பேச்சுவார்த்தை இழுபட்டால் ஆசிரிய தலையங்கம் தீட்டுகின்றோம். சுதந்திர வர்த்தக வலயத்தின் ஆடைத் தொழிற்சாலையொன்றில் பெண்கள் வேலை நீக்கம் செய்யப்பட்டால் முதற் பக்கத்தில் செய்தி வெளியிடுகின்றோம். தொழில் அமைச்சருக்கும் தொழிற்சங்கத் தலைவர்களுக்கும் நியாயம் எதுவென்று எடுத்துக்கூறுவதில் எமக்குத் தயக்கம் இருப்பதில்லை. ஆனால், அந்தத் தலையங்கத்தை அச்சுக்கோப்பவரும், ஒப்புநோக்குபவரும், அச்சிடுபவரும், பொதி கட்டி லொறியில் ஏற்றுபவரும் தமது சொந்த அலுவலகத்தில் எவ்வாறு நடத்தப்படுகின்றனர் என்பது ஒருபோதும் செய்தியாவதில்லை.

மூன்றரைத் தசாப்தங்களுக்கும் அதிகமான காலம் கொழும்பில் தமிழ்ப் பத்திரிகை அலுவலகங்களில் பணியாற்றியவன் நான். முதலில் உதவி ஆசிரியராகவும் தொழிற்சங்கக் கிளைக் குழுவின் உறுப்பினராகவும், பின்னர் செய்தி ஆசிரியராகவும் இருந்தமையால் விசாரணை மேசையின் இரு பக்கங்களிலும் அமர்ந்திருக்கின்றேன். அண்மைக்காலமாக நண்பர்களின் பிள்ளைகள் சிலர் இந்த விடயம் பற்றி என்னுடன் பேசுவதுண்டு. கொழும்பிலும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் அவர்கள் மனிதவள முகாமையாளர்களாக இருக்கின்றார்கள். எமது காலத்தில் அந்தப் பதவிக்கு ஆளணி முகாமையாளர் என்று பெயர். பெயர் மாறிய அளவுக்குப் பிரச்சினைகள் மாறவில்லை என்பது அவர்களுடைய கேள்விகளிலிருந்து தெரிகின்றது. அறிவிக்காமல் வேலைக்கு வராதவரை என்ன செய்வது? பெருந்தவறு நேர்ந்தால் யாரைப் பொறுப்பாக்குவது? மேலதிகாரி மீது ஒரு பெண் முறைப்பாடு செய்தால் யாரை இடம் மாற்றுவது? நிறுவனத்தில் பணம் இல்லாத காலத்தில் யாரை வீட்டுக்கு அனுப்புவது?

இவற்றுக்கு ஒவ்வொன்றாக விடை கூறும் நூல்கள் நிறைய இருக்கின்றன. நான் கூறக்கூடியது நான் நேரில் கண்டவற்றையே. நான் கண்ட தகராறுகளில் பெரும்பாலானவை முற்றிப்போனதற்குக் காரணம் ஒன்றுதான். முடிவு முதலில் எடுக்கப்பட்டது. விசாரணை அதற்குப் பின்னர் நடந்தது, அல்லது நடக்கவேயில்லை.

இடம் மாறிய படங்கள்

1990களின் பிற்பகுதியில் நான் செய்தி ஆசிரியராக இருந்த ஒரு பத்திரிகையில் மரண அறிவித்தல் பக்கத்தில் இரண்டு முதியவர்களின் படங்கள் ஒன்றுக்கொன்று இடம் மாறி அச்சாகிவிட்டன. தமிழ்ப் பத்திரிகையொன்றில் மரண அறிவித்தல் எத்தகைய இடத்தைப் பெற்றிருக்கின்றது என்பதை வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அதிலும் அது போர்க்காலம். பாதைகள் அடைபட்டு, தொலைபேசித் தொடர்புகள் அறுந்து, ஒரே குடும்பம் நான்கு ஊர்களிலும் மூன்று நாடுகளிலும் சிதறிக் கிடந்த அந்த நாட்களில், ஒரு மரணத்தை உறவினர்களுக்கு அறிவிக்கும் ஒரே வழியாகப் பலருக்கு அந்தப் பக்கமே இருந்தது. இறந்தவர்களில் ஒருவரின் இரண்டு புதல்வர்கள் காலை ஒன்பது மணிக்கு முன்னரே பத்திரிகையைக் கையில் பிடித்தபடி வரவேற்பறையில் வந்து நின்றார்கள். அவர்கள் சத்தமிடவில்லை. "இது எங்கட அப்பா இல்லை" என்று மாத்திரம் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

நண்பகலுக்குள் ஒப்புநோக்குநர் ஒருவரை வேலையிலிருந்து நீக்கும் கடிதம் தட்டச்சாகி எனது மேசைக்கு வந்தது. ஒப்புநோக்குநர்கள் எனது பொறுப்பின் கீழ் வருபவர்கள் என்பதால் எனது சிபாரிசுக் கையொப்பம் தேவைப்பட்டது. அவர் அங்கு 19 ஆண்டுகள் கடமையாற்றியவர். என்னைவிட வயதில் மூத்தவர். மூன்று பெண் பிள்ளைகளின் தந்தை.

முகாமையாளரின் நிலையையும் நான் இங்கு கூறியாக வேண்டும். அவர் கொடியவர் அல்லர். துக்கத்தில் இருந்த ஒரு குடும்பம் கீழே காத்திருந்தது. உரிமையாளர் இரண்டு தடவை தொலைபேசியில் அழைத்திருந்தார். ஏதாவது செய்தாக வேண்டும், அதுவும் உடனடியாகச் செய்தாக வேண்டும் என்ற நெருக்கடி அவருக்கு. பக்கத்தைச் சரிபார்த்தவர் யார் என்று கேட்டிருக்கின்றார்; ஒரு பெயர் கிடைத்தது; கடிதம் தயாராகிவிட்டது.

நான் கையொப்பமிடாமல் ஒப்புநோக்குநரை அழைத்தேன். "அண்ணை, நடந்ததைச் சொல்லுங்கோ" என்றேன். "தம்பி, நான் பார்த்து விட்ட பக்கத்திலை படங்கள் சரியாய்த்தான் இருந்தது. அதுக்கு மேலை எனக்குச் சொல்ல ஒண்டும் இல்லை" என்றார். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று முகாமையாளர் கூறினார். அது உண்மைதான். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அதனால்தான் சொன்னதைச் சரிபார்க்க வேண்டியிருக்கின்றது.

அந்தக் காலத்தில் எழுத்துக்கள் கணினியில் கோக்கப்பட்டாலும் விளம்பரப் பக்கங்கள் எங்கள் அலுவலகத்தில் கையால் ஒட்டப்பட்டே வந்தன. ஒவ்வொரு பக்கத்தின் புரூப்பிலும் ஒப்புநோக்குநர் சுருக்கொப்பமிட்டு நேரத்தையும் எழுதுவார். ஒரு வாரத்துப் புரூப்கள் சணல் கயிற்றால் கட்டப்பட்டு ஒரு மூலையில் கிடக்கும். பின்னர் பழைய கடதாசியோடு விற்கப்பட்டுவிடும். கட்டைப் பிரித்துத் தேடினோம். அந்தப் பக்கத்தின் புரூப் கிடைத்தது. அவருடைய சுருக்கொப்பம் இருந்தது, மாலை 7.40 என்று நேரம் இருந்தது. இரண்டு படங்களும் தத்தம் பெயர்களுக்கு மேலே சரியாக இருந்தன.

பிறகு நடந்ததை அறிய அரை மணித்தியாலம் போதுமாக இருந்தது. இரவு ஒன்பது மணியளவில் விளம்பரப் பிரிவிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்திருக்கின்றது. கடைசி நேரத்தில் வந்த பெரிய விளம்பரமொன்றுக்கு இடம் தேவைப்பட்டது. பக்கம் ஒட்டும் இளைஞர் நான்கு அறிவித்தல்களைக் கழற்றி மாற்றி ஒட்டியிருக்கின்றார். மீண்டும் ஒரு புரூப் எடுக்கவா என்று இரவுநேர மேற்பார்வையாளரிடம் கேட்டிருக்கின்றார். நேரமில்லை என்று பதில் வந்திருக்கின்றது. ஒப்புநோக்குநர் அப்போது வீடு போய்ச் சேர்ந்திருந்தார்.

இந்த இடத்தில்தான் இரண்டாவது நெருக்கடி எழுந்தது. முதலாமவரின் பெயரை அழித்துவிட்டு அதே கடிதத்தில் அந்த இளைஞரின் பெயரை எழுதலாம் என்ற யோசனை உடனே முன்வைக்கப்பட்டது. அவர் எட்டு மாதங்களாகத் தகுதிகாண் காலத்தில் இருந்தவர்; நீக்குவது சுலபம். ஆனால், அவர் கேட்க வேண்டியதைக் கேட்டிருந்தார் என்பதை மேற்பார்வையாளரே ஒப்புக்கொண்டார். ஆகவே மூன்று காரியங்கள் செய்யப்பட்டன. புரூப் பார்க்கப்பட்ட பக்கத்தில் ஓர் எழுத்தை மாற்றினாலும் மீண்டும் புரூப் எடுக்க வேண்டும் என்று எழுத்தில் உத்தரவு பிறப்பிக்கப்பட்டது. மேற்பார்வையாளருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கப்பட்டது. விளம்பரப் பிரிவு பக்கங்களில் நேரடியாகத் தலையிடுவது நிறுத்தப்பட்டது. ஆசிரியர் இரண்டு வீடுகளுக்கும் நேரில் சென்று வருத்தம் தெரிவித்தார். சரியான அறிவித்தல்கள் மறுநாள் கட்டணமின்றிப் பெரிதாக வெளியாகின.

அந்த ஒப்புநோக்குநர் மேலும் 11 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றார். மொத்தம் 30 ஆண்டுகள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி பூர்த்தியான ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம் வீதம் 15 மாதச் சம்பளத்தைப் பணிக்கொடையாகப் பெற்றார். இரண்டாவது மகளின் திருமணம் அந்தப் பணத்தில்தான் நடந்தது. ஒரு வேளை பழைய கடதாசிக்காரர் அந்த வாரம் இரண்டு நாட்கள் முன்னதாக வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் சில வேளைகளில் நினைப்பதுண்டு.

சட்டம் கேட்பது என்ன?

இத்தகைய சந்தர்ப்பங்களில் இலங்கையின் சட்டம் என்ன கூறுகின்றது என்பதை ஊழியர்களும் அறிவதில்லை. பல முகாமையாளர்களும் அறிவதில்லை. தனியார் துறையில் ஒருவரை ஒழுக்காற்றுக் காரணத்துக்காக நீக்குவதற்கு முன்னர் உள்ளக விசாரணை நடத்தியே தீர வேண்டும் என்று சட்டம் வெளிப்படையாக விதிக்கவில்லை. ஆனால், நீக்கப்பட்டவர் தொழில் நியாயசபைக்குப் போனால் வேலை நீக்கம் நியாயமானது என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் வழங்குநரையே சாரும். 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டம் அந்தச் சபைக்குக் கொடுத்திருக்கும் கட்டளை, நீதியும் ஒப்புரவுமான தீர்ப்பை வழங்க வேண்டும் என்பதாகும். மீண்டும் வேலையில் அமர்த்துமாறும் அது உத்தரவிடலாம். நட்டஈடு வழங்குமாறும் உத்தரவிடலாம். நீக்கப்பட்ட நாளிலிருந்து 6 மாதங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இந்தக் கால எல்லை 2003ஆம் ஆண்டின் திருத்தத்தினால் விதிக்கப்பட்டது. முகாமைத்துவம் மனம் மாறும் என்று காத்திருந்தே இந்த ஆறு மாதங்களைத் தவறவிட்டவர்கள் பலர்.

1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகின்றது. 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட நிறுவனம், ஒழுக்காற்றுக் காரணம் தவிர்ந்த வேறு காரணத்துக்காக ஒருவரை நீக்குவதாயின், அவருடைய முன்கூட்டிய எழுத்துமூலச் சம்மதத்தை அல்லது தொழில் ஆணையாளரின் முன்கூட்டிய எழுத்துமூல அங்கீகாரத்தைப் பெறவேண்டும். ஒழுக்காற்றுக் காரணத்துக்காக நீக்கினால், நீக்கிய பின்னர் இரண்டாவது வேலை நாள் முடிவதற்கு முன்னர் அந்தக் காரணத்தை எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

பரவலான ஒரு தப்பபிப்பிராயத்தையும் இங்கு குறிப்பிடலாம். வேலையிலிருந்து நீக்கப்பட்டவருக்குப் பணிக்கொடை கிடையாது என்று பலர் நம்புகின்றனர். சட்டம் அப்படிக் கூறவில்லை. மோசடி, நிறுவனத்தின் பணத்தைக் கையாடல், சொத்துக்கு வேண்டுமென்றே சேதம் விளைவித்தல், பொருட்களுக்கு இழப்பை ஏற்படுத்துதல் ஆகிய காரணங்களுக்காக நீக்கப்பட்டவர், அந்தச் சேதத்தின் அளவுக்கு மாத்திரமே பணிக்கொடையை இழப்பார்.

வராதவர் ஏன் வரவில்லை?

1993 மே முதலாம் திகதி ஜனாதிபதி பிரேமதாச கொழும்பில் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து தலைநகரில் தமிழ் இளைஞர்கள் பெருந்தொகையாகக் கைதுசெய்யப்பட்டனர். நான் அப்போது தொழிற்சங்கக் கிளைக் குழுவில் இருந்தேன். எமது ஆசிரிய பீடத்தில் வவுனியாவைச் சேர்ந்த ஓர் இளம் உதவி ஆசிரியர் கொட்டாஞ்சேனையில் ஒரு விடுதி அறையில் தங்கியிருந்தார். ஓர் இரவுத் தேடுதலில் அவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். விடுதிக்காரர் மூன்றாம் நாள் ஆசிரிய பீடத்தில் ஒருவரிடம் வந்து தகவல் சொன்னார். அதன்பின் நான்கு பேருக்குச் செய்தி தெரிந்திருந்தது. இரண்டு மாடி கீழே இருந்த நிர்வாகப் பிரிவுக்கு அது தெரியாது. நாட்டின் மூலைமுடுக்குகளிலிருந்தெல்லாம் செய்தி சேகரிக்கும் ஒரு கட்டடத்தினுள் நடந்த விடயம் இது.

ஐந்தாம் நாள் நிர்வாகம் ஒரு பதிவுத் தபாலை அனுப்பியது. அறிவித்தல் இன்றிக் கடமைக்குச் சமுகமளிக்காமையால் அவர் தனது பதவியைத் தாமாகவே கைவிட்டவராகக் கருதப்படுகின்றார் என்பது அதன் சாராம்சம். அலுவலகப் பதிவேட்டில் இருந்த முகவரி வவுனியா முகவரி. எனவே கடிதம் அவருடைய தாயாரின் கையில் கிடைத்தது. மகன் வேலைக்குப் போகவில்லை என்ற செய்தியே அந்தத் தாயாருக்கு அந்தக் கடிதத்தின் மூலம்தான் தெரியவந்தது. அந்த நாட்களில், அந்த வயதில் ஒரு தமிழ் இளைஞர் ஐந்து நாட்களாக வேலைக்கு வரவில்லை என்றால் ஒரு தாய் எதை நினைப்பார் என்பதை எழுத வேண்டியதில்லை. அன்றிரவே ரயிலேறி, காலையில் அலுவலக வாசலில் கடிதத்துடன் வந்து நின்றார்.

அவரை அழைத்துக்கொண்டு முகாமையாளரிடம் போனோம். கடிதம் அனுப்புவதற்கு முன்னர் யாரிடம் விசாரித்தீர்கள் என்று மாத்திரம் கேட்டோம். பதில் இல்லை. ஒருவர் பதவியைக் கைவிட்டார் என்று கூறுவதற்கு அவர் வராமல் இருந்தது மாத்திரம் போதாது. கைவிடும் எண்ணம் அவருக்கு இருந்திருக்க வேண்டும் என்பது எமது நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட கோட்பாடு. பொலிஸ் கூண்டுக்குள் இருந்தவருக்கு அந்த எண்ணம் எங்கிருந்து வரும்? கடிதம் எழுத்துமூலமாகவே வாபஸ் பெறப்பட்டது. அதுமட்டுமல்ல, அவர் எமது ஊழியர் என்று உறுதிப்படுத்தும் கடிதமொன்றை அதே முகாமையாளர் கையொப்பமிட்டுப் பொலிஸ் நிலையத்துக்கு அனுப்பினார். பன்னிரண்டாம் நாள் இளைஞர் விடுதலையானார். முதலாவது கடிதத்துக்குப் பதிலாக இந்த இரண்டாவது கடிதம் முதலில் எழுதப்பட்டிருந்தால் அவர் சில நாட்கள் முன்னதாகவே வெளியே வந்திருக்கக்கூடும்.

அதற்குப் பிறகு எமது கிளைக் குழு நிர்வாகத்துடன் ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. வராதவருக்குக் கடிதம் எழுதுவதற்கு முன்னர் அவருடைய பகுதித் தலைவரிடமும், தங்குமிடத்திலும், நெருங்கிய உறவினரிடமும் விசாரித்து, விசாரித்த விபரத்தைக் கோப்பில் எழுத வேண்டும். போர் முடிந்துவிட்டது. ஆனால், மருத்துவமனையில் நினைவிழந்து கிடப்பவரும், மன அழுத்தத்தினால் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டவரும் இன்றைக்கும் வேலைக்கு வராமல்தான் இருக்கின்றார்கள். கைபேசி அழைப்புக்குப் பதில் இல்லை என்பது விசாரணை ஆகாது.

இதே பதவி துறந்தவர் என்ற சொற்றொடர் ஒரு நாட்டின் அளவில் என்ன செய்யும் என்பதை 1980இல் கண்டோம். மாதம் 300 ரூபா சம்பள உயர்வு கோரி அந்த ஆண்டு ஜூலையில் நடந்த பொது வேலைநிறுத்தத்தில் பங்குபற்றிய சுமார் 40 ஆயிரம் பேரை ஜே. ஆர். ஜயவர்தன அரசாங்கம் தமது பதவிகளைத் துறந்தவர்கள் என்று கூறி வீட்டுக்கு அனுப்பியது. தனித்தனியான குற்றச்சாட்டும் இல்லை, விளக்கமும் கேட்கப்படவில்லை. அவர்களில் பலர் அதன் பிறகு அரசாங்க சேவையைக் காணவேயில்லை. ஒருவரை விசாரிக்காமல் அனுப்புவது அநியாயம் என்றால், 40 ஆயிரம் பேரை அனுப்பும்போது அது நிர்வாகத் திறமை ஆகிவிடாது.

யாரை இடம் மாற்றுவது?

பெண் ஊழியரின் முறைப்பாடு பற்றி எழுதுவது எமது தலைமுறையினருக்குச் சங்கடமானது. அந்தச் சங்கடமே முறைப்பாடு செய்பவருக்கு எதிராக வேலை செய்கின்றது. ஓர் இளம் பெண் செய்தியாளர், தனக்குக் கடமை ஒதுக்கும் சிரேஷ்டர் ஒருவர் தன்னிடம் தகாத முறையில் பேசுவதாகவும் இணங்காததனால் இரவுக் கடமையை மாத்திரம் ஒதுக்குவதாகவும் கூறினார். நிர்வாகம் கண்ட தீர்வு, அவரை ஞாயிறு வெளியீட்டுக்கு மாற்றுவது. அவருடைய பாதுகாப்புக்காகவே என்று விளக்கம் கூறப்பட்டது. அவர் விரும்பி வந்தது நாளாந்தச் செய்திப் பிரிவுக்கு. முறைப்பாட்டின் முதலாவது தண்டனை முறைப்பாடு செய்தவருக்கே கிடைத்தது.

இங்கும் விசாரணைக்கு முன்னர் ஒரு முடிவு எடுக்கப்பட்டுவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். கருணை வடிவில் வந்ததால் அது முடிவு என்று யாருக்கும் தெரியவில்லை. விசாரணை முடியும் வரை யாராவது விலகி இருக்க வேண்டுமாயின் அதிகாரம் கையில் உள்ளவரே விலகி இருக்க வேண்டும். அது அவருக்குத் தண்டனையல்ல. கடமை ஒதுக்கும் பொறுப்பை மூன்று வாரங்களுக்கு வேறொருவரிடம் கொடுத்தால் பத்திரிகை நின்றுவிடாது. நாங்கள் அதையே வற்புறுத்தினோம். முறைப்பாட்டை அவருடைய சொற்களிலேயே எழுதச் செய்து, விசாரணைக் குழுவில் கணக்குப் பிரிவின் மூத்த பெண் அதிகாரி ஒருவரைச் சேர்த்து, சிரேஷ்டருக்கும் பதில் கூற முழுமையான அவகாசம் கொடுத்தபோது, கடந்த ஆறு மாதங்களின் கடமைப் பட்டியலே உண்மையைச் சொல்லிற்று. பாலியல் தொந்தரவு 1995ஆம் ஆண்டின் திருத்தத்தின் மூலம் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில் குற்றமாக்கப்பட்டிருக்கின்றது. பணியிடத்தில் அதிகாரமுள்ளவரின் சொல்லும் செயலும் அதில் அடங்கும். ஆகவே, இது அலுவலகத்துக்குள் சமாதானம் பேசி முடிக்கும் குடும்ப விவகாரம் அல்ல.

கடிதமே இல்லாதவர்கள்

இதுவரை கடிதம் பெற்றவர்களைப் பற்றி எழுதினேன். எந்தக் கடிதமும் பெறாதவர்கள் இருக்கின்றார்கள். எமது தொழிலில் அவர்களுக்குப் பிராந்திய நிருபர் என்று பெயர். பிரசுரமாகும் செய்திக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுக் கொடுப்பனவு பெறுபவர்கள். போர்க்காலத்தில் இந்த நாட்டில் மிக ஆபத்தான பத்திரிகைப் பணியைச் செய்தவர்கள் இவர்களே. யாழ்ப்பாணத்தில் மயில்வாகனம் நிமலராஜன் 2000 ஒக்டோபரிலும், மட்டக்களப்பில் ஐயாத்துரை நடேசன் 2004 மே மாதத்திலும் கொல்லப்பட்டதை எமது வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பிராந்தியங்களில் செய்தி சேகரிப்பது உயிரோடு விளையாடும் காரியமாக இருந்தது.

நான் அறிந்த ஒரு பிராந்திய நிருபர், 14 ஆண்டுகள் ஒரு பத்திரிகைக்கு நாள்தோறும் செய்தி அனுப்பியவர், நோயுற்று இறந்தார். அவருடைய மனைவி ஊழியர் சேமலாப நிதி பற்றி விசாரித்து எழுதினார். அவர் எமது ஊழியர் அல்லர் என்று ஒரு வரியில் பதில் போயிற்று. ஊழியராக இருந்திருந்தால் மாதந்தோறும் அவரது சம்பளத்தில் 8 சதவீதமும் நிறுவனத்திடமிருந்து 12 சதவீதமும் அந்த நிதிக்கும், மேலும் 3 சதவீதம் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கும் போயிருக்கும். ஆனால், கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் தொழிலாளி என்ற சொல்லுக்கான வரைவிலக்கணம் மிகவும் பரந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கலாம், வாய்மொழியாக இருக்கலாம்; வெளிப்படையாக இருக்கலாம், உட்கிடையாகவும் இருக்கலாம்; ஒரு வேலையைத் தாமே நேரில் செய்து கொடுக்கும் ஒப்பந்தமும் அதில் அடங்கும். ஒருவர் ஊழியரா இல்லையா என்பது நியமனக் கடிதம் இருக்கின்றதா என்பதால் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை. அந்தப் பெண்மணிக்கு இதை எடுத்துச் சொல்ல யாரும் இருக்கவில்லை. பதில் எழுதியவரும் விசாரித்துப் பார்க்கவில்லை. அவருடைய கணவரின் பெயர் அதே பத்திரிகையின் பழைய பிரதிகளில் ஆயிரக்கணக்கான செய்திகளின் தலையில் அச்சாகியிருந்தது.

கையொப்பம் வாங்கிய சம்மதம்

கடைசியாக, பணம் இல்லாத காலம். கொரோனாத் தொற்றின்போது 2020இல் தொழில் அமைச்சு, தொழில் வழங்குநர், தொழிற்சங்கங்கள் ஆகிய முத்தரப்பும் பேசி, வேலையின்றி வீட்டில் இருத்தப்பட்ட ஊழியர்களுக்கு அடிப்படைச் சம்பளத்தின் பாதி அல்லது 14,500 ரூபா, இவற்றில் எது அதிகமோ அதை வழங்குவதென்று உடன்பாடு கண்டன. குறைந்த தொகைதான். எனினும் கேட்டுப் பேசி எட்டப்பட்ட தொகை. 2022இல் அந்நியச் செலாவணி நெருக்கடியினால் கடதாசித் தட்டுப்பாடு ஏற்பட்டு, பத்திரிகைகள் பக்கங்களைக் குறைத்தன. சில அச்சுப் பதிப்பையே இடைநிறுத்தின. அப்போது ஓர் அலுவலகத்தில் ஊழியர்களை ஒவ்வொருவராக அறைக்குள் அழைத்து, ஆங்கிலத்தில் தட்டச்சான ஒரு தாளில் கையொப்பம் வாங்கினார்கள். அச்சு இயந்திரத்தில் வேலை செய்த ஒருவர் அந்தத் தாளின் பிரதியைப் பின்னர் என்னிடம் கொண்டுவந்து வாசித்துச் சொல்லுமாறு கேட்டார். அவர் தமது சொந்த விருப்பத்தில் வேலையிலிருந்து விலகுவதாக அதில் எழுதப்பட்டிருந்தது. சம்பளத்தைத் தற்காலிகமாகக் குறைப்பதற்குச் சம்மதிக்கும் கடிதம் என்றே அவர் நினைத்திருந்தார்.

1971ஆம் ஆண்டின் சட்டம் ஊழியரின் சம்மதம் வேண்டும் என்கின்றது. வாசிக்க முடியாத மொழியில் வாங்கப்பட்ட கையொப்பத்தைச் சம்மதம் என்று அழைப்பது தமிழுக்கும் அநியாயம், சட்டத்துக்கும் அநியாயம். அவர் 6 மாத எல்லைக்குள் தொழில் நியாயசபைக்குப் போனார். இடையில் நிறுவனம் அவரை அழைத்து ஒரு தொகையைக் கொடுத்து விவகாரத்தைத் தீர்த்துக்கொண்டது. அவருக்கு வேண்டியிருந்தது வேலை, கிடைத்தது பணம்.

என்னிடம் ஆலோசனை கேட்கும் இளம் முகாமையாளர்களுக்கு நான் கூறுவது அதிகமில்லை. கோபத்தில் எழுதிய கடிதத்தை ஓர் இரவு மேசை லாச்சிக்குள் வையுங்கள். எவருக்குக் கடிதம் போகின்றதோ அவரிடம் நேரில் கேளுங்கள், அவர் சொன்னதை எழுதுங்கள், சொன்னதைச் சரிபாருங்கள். அவர் வாசிக்கக்கூடிய மொழியில் எழுதுங்கள். தவறு உண்மையாகவே அவருடையதாயின் தண்டனையை அதற்கேற்ற அளவில் கொடுங்கள். இப்படிச் செய்தால் எல்லோரையும் காப்பாற்றலாம் என்று நான் கூறவில்லை. விசாரித்த பின்னர் நீக்கப்பட வேண்டியவர்களும் இருந்தார்கள், நீக்கினோம். அவர்களில் சிலர் இன்றைக்கும் தெருவில் கண்டால் நின்று பேசுகின்றார்கள். ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை: நியமனக் கடிதத்தையும் சம்பளச் சிட்டைகளையும் வீட்டில் பத்திரமாக வையுங்கள். புரியாத தாளில் கையொப்பமிடாதீர்கள். நாளைக்குக் கொண்டுவந்து தருகின்றேன் என்று சொல்வதற்கு உங்களுக்கு உரிமை இருக்கின்றது.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த செய்தியாளர் ஒருவர் யார் மீதாவது குற்றச்சாட்டுள்ள செய்தியை எழுதிக்கொண்டு வந்தால் செய்தி ஆசிரியர் கேட்கும் முதலாவது கேள்வி, மற்றத் தரப்பிடம் கேட்டீரா என்பதுதான். கேட்கவில்லை என்றால் செய்தி அச்சுக்குப் போகாது. இந்த விதியை நாங்கள் அரசியல்வாதிகளுக்கும் அதிகாரிகளுக்கும் வழங்கி வந்திருக்கின்றோம். ஒரு செய்திக்கு மறுநாள் திருத்தம் போடலாம். வேலை நீக்கக் கடிதத்துக்குத் திருத்தம் போடும் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைப்பதில்லை. ஆகவே, மூன்றாம் பக்கத்தில் வெளியாகும் நான்கு வரிச் செய்திக்கு நாம் காட்டும் நிதானத்தை, பத்தொன்பது ஆண்டுகள் எம்முடன் இருந்து வேலை செய்த ஒருவருக்கும் காட்டுவதே நியாயம்.